பதினொன்றேகால் சதவீதம்

ஜனவரி 6, சனி

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் இன்று என் முதல் வகுப்பு. 'பங்கும் பத்திரமும்: அடிப்படைப் பாடம். நடத்துபவர் கணித ஆசிரியர் ம. ஜெயசிங்' என்று சங்கரபாண்டியன் கெட்டி எழுத்தில் எழுதி மாடிப்படியில் ஒட்டியிருந்தார். அவர்தான் சங்கச் செயலாளர், ஒரு காலத்தில் தலைமையாசிரியர். பேனா மூடியால் காது குடைவார். குடைந்த மூடியைத் திரும்ப மாட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அதே பேனாவை என்னிடம் நீட்டினார். நான் என் பேனாவில் போட்டேன்.

பாளையங்கோட்டையில் இதைவிட நல்ல இடம் சங்கத்துக்குக் கிடைக்கவில்லையா என்ன? ஜன்னல் முழுக்கப் புறா எச்சம். முப்பத்து நாலு பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் வாழ்நாள் முழுக்க வகுப்பில் பேசாதே என்று பிள்ளைகளை அதட்டினவர்கள். வகுப்பு தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் நாலு கைபேசி ஒலித்தது. ஒருவர் எடுத்து, "கிளாஸ்ல இருக்கேன், சொல்லு" என்று பேசவே ஆரம்பித்துவிட்டார்.

பாடம் எளிது. ஊரில் ஒரு பேக்கரி. அதற்குப் பணம் கொடுத்து நீங்கள் கூட்டாளி ஆனால் அது பங்கு. வியாபாரம் செழித்தால் லாபத்தில் உங்களுக்கும் உண்டு, படுத்தால் நட்டத்திலும் உண்டு. கூட்டாளி ஆகாமல், இத்தனை வருஷத்துக்கு இத்தனை வட்டி என்று கடனாகக் கொடுத்தால் அது பத்திரம். பேக்கரி கோடி சம்பாதித்தாலும் உங்களுக்குப் பேசிய வட்டிதான். இழுத்து மூடினால் அடுப்பையும் அலமாரியையும் விற்று, கடன் கொடுத்தவனுக்கு முதலில் கொடுப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் கூட்டாளிக்கு.

நாற்பது நிமிடம் இதைச் சொன்ன பிறகு பீர்முகமது எழுந்தார். புவியியல் ஆசிரியராக இருந்தவர், நல்ல மனிதர். "சார், எது போட்டா சீக்கிரம் ரெட்டிப்பாகும்?" என்று கேட்டார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை தூங்கினவரும் விழித்துக்கொண்டார். பேராசை ஒரு முகத்தில் வரும்போது அது எவ்வளவு அசிங்கமாகிவிடுகிறது.

சமோசா பழைய தினத்தாளில் வந்தது. நான் தொடவில்லை.

ஜனவரி 13, சனி

இன்று பத்திரக் கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஏதாவது ஒரு கம்பெனி பெயர் வேண்டியிருந்தது. பையில் தென்சுடர் பைனான்ஸ் கம்பெனியின் துண்டுப்பிரசுரம் கிடந்தது. அதையே எழுதிப்போட்டேன். எங்கள் மருமகன் எட்வின் அந்தக் கம்பெனியில் ஜில்லா மேனேஜராக இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேறு எது பையில் இருந்திருந்தாலும் அதை எழுதியிருப்பேன்.

கரும்பலகையில் எழுதியது இது: தென்சுடர் பைனான்ஸ். பத்திரம் ஒன்று ரூ. 1000. வட்டி ஆண்டுக்கு 11.25 சதவீதம். ஐந்து ஆண்டு. ஒரு லட்சம் போட்டால் மாதம் ரூ. 937.50.

வங்கி ஏழரை கொடுக்கிறபோது ஒருவன் பதினொன்றேகால் கொடுக்கிறான் என்றால், குறைந்த வட்டிக்கு அவனை நம்பிக் கடன் கொடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்தக் கூடுதல் மூன்றேமுக்கால் நீங்கள் பயப்படுவதற்கான கூலி. இதையும் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். ஆனால் வாயால் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. பலகையில் இருந்ததை மட்டும் முப்பத்து நாலு பேரும் அடிக்கோடு போட்டு எழுதினார்கள்.

ஜனவரி 20, சனி

வகுப்பு தொடங்குமுன் சங்கரபாண்டியன் ஒரு காகிதத்தை நீட்டினார். இருபத்தோரு பெயர். ஆளுக்கு மூன்று லட்சம், ஓரிருவர் இரண்டு லட்சம். பீர்முகமது நாலு லட்சம்.

"என்ன சார் இது?"

"தென்சுடர் பத்திரம் சார். நீங்க நடத்துனதுல்லா. இருபத்தேழாந் தேதியோட முடியுதாம். நீங்களே அப்ளிகேசன் வாங்கித் தந்துட்டீயன்னா எங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

"அது எடுத்துக்காட்டு சார். கணக்கு போட்டுக் காட்ட ஒரு பேர் எழுதினேன்."

"போர்டுல எழுதிட்டா அது பாடம்தான சார்? தெரியாததையா நீங்க எழுதுவீய?" என்று சிரித்தார். பல்லிடுக்கில் கீரை.

கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுது, யோசிக்காதே என்று முப்பது நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, தாங்களும் அப்படியே ஆகிப்போனார்கள். ஒரு தபால்காரரோ மளிகைக் கடைக்காரரோ இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அப்படியும் நான் மறுத்தேன். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது விண்ணப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய மனிதர்கள், சொந்தப் பணம், சொந்தக் கையெழுத்து.

சொல்கிறவன் தானும் செய்ய வேண்டும் என்று நானும் எட்டு லட்சத்துக்கு எண்ணூறு பத்திரம் வாங்கினேன்.

ஜனவரி 31, புதன்

எட்வின் சாப்பிட வந்தான். எங்கள் பெண் ஷீபா வரவில்லை, பிள்ளைக்குப் பரீட்சையாம். மீன் தலையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினான். சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும். "மாமா, நீங்க கிளாஸ் எடுத்தா எங்க எம்.டி.யே வந்து உக்காரணும்" என்றான். விரலை ஒவ்வொன்றாக நக்கினான்.

சாயங்காலம் இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று வீட்டுக்கு வந்து இறங்கியது. என் மனைவி ரத்னபாய் என்னைப் பார்த்தாள். மருமகன் மாமியாருக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாதா?

பிப்ரவரி 17, சனி

வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் இறங்கும் என்பது இன்றைய பாடம். உங்களிடம் ஏழு சதவீதப் பத்திரம் இருக்கிறது. அடுத்த வருஷம் புதுசாக எட்டு சதவீதத்தில் பத்திரம் வருகிறது. உங்கள் ஏழு சதவீதத்தை யார் முழு விலைக்கு வாங்குவான்? ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தைத் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்குத் தள்ள வேண்டும். ஐந்து வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தவனுக்கு இந்தக் கவலை இல்லை. நடுவில் பணம் தேவைப்படுகிறவனுக்குத்தான் வலி.

யாருக்கும் புரியவில்லை. மாதா மாதம் வட்டி வருகிறது, அது போதும் அவர்களுக்கு. ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வியர்த்து ஈரமான கை. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 2, சனி

வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். செல்லக்கனி டீச்சர், பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறார். ஓய்வுபெற்றபோது வந்த பணம் வங்கியில் இருந்து இந்த வாரம்தான் முதிர்ந்ததாம். எட்டு லட்சம்.

"நானும் தென்சுடர்ல போடணும் சார். எல்லாரும் போட்டுட்டாங்க, நான் மட்டும் விட்டுட்டேன்."

வெளியீடு முடிந்துவிட்டது, இனி யாராவது விற்றால்தான் வாங்க முடியும் என்றேன். "யாராவது விப்பாங்களா சார்?" என்றார். பிச்சை கேட்கிற குரல். எனக்கு எரிச்சல் வந்தது. தெரியாத ஒன்றின் மேல் இப்படி ஆசைப்படுகிறவர்களைப் பார்த்தாலே ஆகவில்லை.

மார்ச் 11, திங்கள்

எட்வின் போன் செய்தான். இரண்டு நிமிடம். ஷீபா நலம், பிள்ளைக்குச் சளி. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

செல்லக்கனி டீச்சருக்கு ஓர் உதவி செய்தேன். மனசு கேட்கவில்லை. என் எண்ணூறு பத்திரத்தையும் வாங்கின விலைக்கே, ஒரு பைசா கூட்டாமல், அவருக்கே கொடுத்தேன். பத்திரங்களை வைத்துக்கொள்ள வேண்டிய டீமேட் கணக்கு ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். புரோக்கர் ஆபீசுக்கு நானே கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

"உங்ககிட்ட இருக்கதயா தாரீய சார்? உங்களுக்கு வேண்டாமா?"

"பாதி வச்சிருக்கேன் டீச்சர். கவலைப்படாதீங்க."

"ஜூன்ல ஒருவேள தேவைப்பட்டா எடுத்துக்கிடலாமா சார்?"

"சந்தைல எப்ப வேணும்னாலும் விக்கலாம்" என்றேன். அது உண்மைதான். சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரம். யாரும் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்.

டீச்சர் குனிந்து என் காலைத் தொட வந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அறுபது வயதுப் பெண்மணி நடுத்தெருவில் காலில் விழுவது என்ன பழக்கமோ!

மார்ச் 15, வெள்ளி

எட்டு லட்சத்தையும் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டேன். வட்டி 8.2. அரசாங்கம்.

ரத்னபாய் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கஞ்சியும் துவையலும்தான் வைக்கிறாள். முழங்கால் வலியாக இருக்கும்.

மார்ச் 16, சனி

இன்றைய பாடம்: எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடக் கூடாது. கொஞ்சம் வங்கி, கொஞ்சம் அரசாங்கப் பத்திரம், ஆபத்தைத் தாங்க முடிந்தால் கொஞ்சம் பங்கு. எப்போது தேவைப்படும் பணம் என்று முதலில் கேள், பிறகு எங்கே போடுவது என்று யோசி. நன்றாக நடத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். செல்லக்கனி டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் பக்கம் பார்க்காமல் நடத்துவது சிரமமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் வட்டி ஏழாயிரத்து ஐந்நூறு வந்ததாம். பூவேலை செய்த கைக்குட்டை இரண்டு கொண்டுவந்திருந்தார். மூலையில் என் பெயரின் முதலெழுத்து, இளநீலத்தில். "தம்பிகிட்ட ஐயாயிரம் குடுத்தேன் சார். மூணு வருசத்துல முதல் தடவையா தம்பி சம்சாரம் எனக்கு மீன் பொரிச்சு வச்சா" என்றார்.

கைக்குட்டையை அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் தள்ளினேன். யாருக்கு வேண்டும் பூவேலையெல்லாம்.

ஏப்ரல் 20, சனி

வகுப்பு முடிந்ததும் டீச்சர் காத்திருந்தார். தம்பி மகனுக்கு ஜூன் பதினாறு கல்யாணம். பின்னறை புதுத் தம்பதிக்கு வேண்டுமாம். "அக்கா எங்கயாவது பாத்துக்கோ" என்று தம்பி சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசியிருக்கிறார். தனி அறை, சாகும்வரை சாப்பாடு, எட்டு லட்சம் முன்பணம். ஜூன் பத்துக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"பத்திரத்த வித்துரலாமா சார்?"

"பொறுங்க டீச்சர். வெல கொஞ்சம் இறங்கியிருக்கு. பாப்போம்."

"சரி சார். நீங்க சொன்னா சரிதான்."

மூன்று மாதத்தில் தேவைப்படுகிற பணத்தை ஐந்து வருஷப் பத்திரத்தில் போடுகிற ஆளை என்ன சொல்ல! நான் மார்ச் பதினாறாம் தேதியே பாடம் நடத்தினேன்.

மே 1, புதன்

இந்த மாத வட்டி யாருக்கும் வரவில்லை. விடுமுறை நாள் என்று சங்கரபாண்டியனிடம் சொன்னேன்.

மே 3, வெள்ளி

வரவில்லை. எட்வின் போனை எடுப்பதில்லை.

மே 7, செவ்வாய்

தினத்தாளில் ஏழாம் பக்கத்தில் ஆறு வரி. தென்சுடர் பைனான்ஸ் பத்திரதாரர்களுக்கு வட்டி கொடுக்கவில்லை. தரச்சான்று நிறுவனம் அதை 'ஏ'யிலிருந்து 'டி'க்கு இறக்கிவிட்டது. அதற்கு நடுவில் எத்தனை எழுத்து இருக்கிறது, ஒன்றிலாவது நின்றிருக்கக் கூடாதா? வீடு எரிந்து முடிந்த பிறகு தண்ணீர் வண்டி அனுப்புகிறவர்கள்.

சந்தையில் பார்த்தேன். ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தை முந்நூற்றுப் பத்துக்குக் கேட்கிறார்கள். அதுவும் பன்னிரண்டு பத்திரத்துக்கு மட்டும்.

காலையிலிருந்து என்ன சாப்பிட்டாலும் வாயில் ஒரு கசப்பு. பல் தேய்த்தும் போகவில்லை.

மே 18, சனி

சங்கத்தில் இன்று வகுப்பு இல்லை, கூச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர் மேசையைக் குத்தினார், அவர் வாயிலிருந்து எச்சில் என் சட்டையில் தெறித்தது. பீர்முகமது மட்டும் கத்தவில்லை. "மக கல்யாணத்துக்கு வச்சிருந்தேன் சார்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்தேன். அது எடுத்துக்காட்டு என்றும், கூடுதல் வட்டி என்றால் கூடுதல் ஆபத்து என்று அன்றே சொன்னேன் என்றும் சொன்னேன். "எப்ப சொன்னீரு? நோட்டுல இல்லையே!" என்று யாரோ நோட்டை விரித்துக் காட்டினார்.

அப்போதுதான் செல்லக்கனி டீச்சர் எழுந்தார். இரண்டரை மாதமாக வகுப்பில் வாயே திறக்காதவர்.

"சாரை ஏன் ஏசுதீய? சாருக்கும்தான் போச்சு. அவுக பணமும் அதுலதான் கெடக்கு. எனக்குக் கெடைக்கலன்னதும் அவுககிட்ட இருந்ததுல பாதிய, வாங்குன வெலைக்கே எனக்குத் தந்தாக. எந்த மனுசன் செய்வான்? நம்மள ஏமாத்துறவங்க தன் கைல இருக்கதக் குடுப்பாங்களா?"

மேசையைக் குத்தினவர் வந்து என் தோளைத் தொட்டு, "மன்னிச்சிருங்க சார்" என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கலெக்டருக்கு மனு எழுதுவது என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வெயில்.

மே 25, சனி

சங்கரபாண்டியன் மனுவோடு வந்தார். பாதிக்கப்பட்டோர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. 'ம. ஜெயசிங், பத்திரம் 800.'

"தலைமை நீங்கதான் சார். ஒங்க கையெழுத்து மேல இருந்தாத்தான் ஒரு இது இருக்கும்."

நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். அவர் போனதும் ரத்னபாய் அடுக்களையிலிருந்து வந்தாள். மனுவை எடுத்துப் படித்தாள். இரண்டரை மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க மொட்டமாடில நின்னு பேசுனப்ப நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். 'எப்ப நிக்கும் மாப்ள, ஏப்ரலா மேயா'ன்னு நீங்க கேட்டது எனக்கும் கேட்டுச்சு. மறுநா அந்தத் தையல் டீச்சரக் கூட்டிட்டுப் போனீய. நீங்களாச் சொல்லுவீயன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

மனுவை மேசையில் வைத்தாள்.

"சோறு போடும்போதெல்லாம் குமட்டுது எனக்கு. முப்பத்தெட்டு வருசம் ஒங்க எச்சித் தட்டக் கழுவுனவ, இப்பத் தொட அருவருப்பா இருக்கு" என்றாள்.

இதற்குமேல் இந்த நோட்டில் மழுப்பி என்ன ஆகப்போகிறது. மார்ச் 11 அன்று எட்வின் சொன்னது இதுதான்: "மாமா, உங்க பேர்ல இருக்கத வித்துருங்க. ஏப்ரலுக்கு மேல வட்டி போட கம்பெனில காசு இல்ல. யாருகிட்டயும் சொல்லிராதீங்க." மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் செல்லக்கனி டீச்சரின் வீட்டு வாசலில் நின்றேன். விற்க ஆள் தேடி எனக்கு அலைச்சலே இல்லை, அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 27, திங்கள்

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பின்னறை. கல்யாணத்துக்கு வாங்கின புதுக் கட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. தையல் மெஷின் மேல் தன் துணிகளைக் கட்டி வைத்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், எங்கிட்ட பாதி இல்ல. ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் உங்களுக்கே வித்துட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "எல்லாத்தையுமா எனக்காகத் தந்தீய? எனக்குத் தெரியாமப் போச்சே சார்!"

இந்த உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷி. எனக்கு அந்த நிமிடம் என் தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. எழுந்து போயிருந்தால் அவர் சாகும்வரை என்னைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்திருப்பார். அந்த எண்ணமும் வந்தது, வரவில்லை என்று எழுத மாட்டேன்.

"அப்படி இல்ல டீச்சர். எட்வின் எனக்குப் போன் போட்டது மார்ச் பதினொண்ணு. உங்களுக்கு வித்தது பன்னெண்டு."

"எட்வின் யாரு சார்?"

"எம் மருமகன். அந்தக் கம்பெனில ஜில்லா மேனேஜர். வட்டி நிக்கப்போவுது, வித்துருங்கன்னு சொன்னான்."

டீச்சர் எழுந்து தையல் மெஷின் பக்கம் போனார். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். அவர் தம்பி மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஜூன்ல எடுத்துக்கிடலாமான்னு நான் கேட்டேம்லா."

"கேட்டீய."

"ஆமான்னு சொன்னீய."

"சொன்னேன்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்தாந் தேதி கடைசி நாள். எப்பத் தருவீய?" என்றார். சார் என்று சொல்லவில்லை.

மே 29, புதன்

தபால் ஆபீசில் கணக்கை மூட எழுதிக் கொடுத்தேன். வருஷம் முடியாததால் வட்டி கிடையாது, கொடுத்த வட்டியையும் பிடித்துக்கொள்வார்களாம். "என்ன சார், மூணு மாசத்துலயே எடுக்கீய? இதவிட நல்ல எடம் கெடச்சிட்டா?" என்று சிரித்தான் கவுண்டரில் இருந்தவன்.

ஜூன் 3, திங்கள்

எட்வின் கடைசியில் போனை எடுத்தான். நான் பத்திரத்தைத் திரும்ப வாங்கப்போகிறேன் என்றதும் கத்தினான். "மாமா, அது இப்ப வெறுங் காயிதம்! பொழச்சவன் யாராவது திரும்பக் கெணத்துல குதிப்பானா?" ஏதோ மென்றுகொண்டே பேசினான். சாப்பிடும்போது பேசாதே என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

வங்கியில் எட்டு லட்சமும் டீச்சர் கணக்குக்கு மாறியது. எண்ணூறு பத்திரமும் புரோக்கர் ஆபீஸ் வழியாகக் காலையிலேயே என் பெயருக்குத் திரும்பிவிட்டன. டீச்சர் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, தொகையை இரண்டு முறை படித்தார். அங்கிருந்தே இல்லத்துக்கு முன்பணம் அனுப்பினார். அறை அவருக்குத்தான் என்று போனில் சொன்னார்கள். பெருமூச்சு விட்டார்.

எனக்கும் பாரம் இறங்கினது போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"பீர்முகமது சாருக்கு நாலு லட்சம். அவருக்கு எப்ப?" என்றார்.

"அது நான் வித்தது இல்ல டீச்சர். அவர் நேரா கம்பெனிகிட்ட வாங்குனது."

"நீங்க எழுதிப்போட்டதாலதான வாங்குனாக?"

"நான் பாடம் நடத்துனேன். ஒரு எடுத்துக்காட்டுக்கு..."

"அந்த எடுத்துக்காட்டுக்கு ஒங்க மருமகன் எவ்வளவு குடுத்தாரு?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரத்னபாயிடம்கூட இல்லை. ஐந்து மாதமாக இந்த நோட்டிலும் எழுதவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டிய துணியில் எந்தத் தையல் கோணல் என்று பார்த்துப் பழகின கண். அந்தக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் எங்களுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"ரெண்டு சதவீதம்" என்றேன்.

"தொகையாச் சொல்லுங்க. எனக்குக் கணக்கு வராது."

"சங்கத்துக்காரங்க போட்டது அறுபத்திரண்டு லட்சம். எனக்கு ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம்."

டீச்சர் பேனாவை எடுத்து அந்தத் தொகையைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். எழுதினது சரியா என்று என்னிடம் காட்டினார். சரி என்றேன்.

"ஒங்க கையெழுத்துக்குக் காத்துப் பாத்துட்டு, சங்கரபாண்டியன் சார் வேற மனு எழுதி இன்னைக்குக் கலெக்டர் ஆபீஸ் போறாக. அதுக்கு முன்னால அவுககிட்ட நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன்."

"அப்ப வாங்க. ஆட்டோ வெளிய நிக்கி."

ஏறி உட்கார்ந்தேன். புரோக்கர் ஆபீசுக்குக் கூட்டிப்போன அன்று, என் சேலை உங்கள் மேல் படுகிறதே என்று கூச்சப்பட்டவர், இன்று சேலையை இழுத்துத் தன் பக்கம் செருகிக்கொண்டு, எனக்கும் தனக்கும் நடுவில் கைப்பையை வைத்தார்.